ஒரு சித்திரத்தை வடிவமைப்புக் கோட்பாடுகளின்படி அலசுவது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். டிசைன் டிப்ளோமா படிக்கிறீர்கள். விரும்பிய ஒரு சித்திரத்தை எடுத்து, வடிவமைப்புக் கோட்பாடுகளின்படி அலசி எழுதச் சொன்னார்கள். சமநிலை, முரண், லயம், விகிதம், ஒருமை என்று தலைப்புப் போட்டு, தலைப்புக்கு ஒரு பந்தியாக எழுதிக் கொடுத்தீர்கள். 'வர்ணனை இருக்கிறது, அலசல் இல்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்துவிட்டது.

நான் யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் டிசைன் வேலை செய்கிறேன். கலியாணக் கார்ட், திருவிழா நோட்டீஸ், பாடசாலை மலர், அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அச்சடிக்கும் சின்னப் புத்தகம்) எல்லாம் கைக்கு வரும். சனி, ஞாயிறில் கொஞ்சப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். அவர்களும் முதலில் எழுதுவது நீங்கள் எழுதிய மாதிரித்தான். உங்களைத் திருப்பி அனுப்பியவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

'இந்தப் படத்தில் சமநிலை பேணப்பட்டுள்ளது' என்ற வசனத்தை உலகத்தில் உள்ள எந்தப் படத்துக்குக் கீழும் எழுதலாம். எழுதியவர் படத்தைப் பார்த்தாரா என்பதே அதிலிருந்து தெரியாது. அலசல் என்றால் ஒரு கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்: இதை எடுத்துவிட்டால், இடம் மாற்றினால், நிறம் மாற்றினால் என்ன கெடும்? அதற்குப் பதில் சொல்ல முடிந்தால் கோட்பாட்டின் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பதில் இல்லாத இடத்தில் பெயரை மட்டும் எழுதிப் பிரயோசனம் இல்லை.

ஒரு படத்தை எடுத்துச் செய்து காட்டினால்தான் விளங்கும். எல்லோர் போனிலும் தேடினால் வரக்கூடியதாக, யப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலைப் படத்தை எடுக்கிறேன். 1831ஆம் ஆண்டளவில் வந்தது, அப்போது அவருக்கு வயது எழுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. பூஜி மலையை வெவ்வேறு இடங்களிலிருந்து காட்டும் தொடரில் இது ஒன்று. 2024இல் வந்த யப்பானின் புதிய 1000 யென் தாளின் பின்பக்கத்திலும் இந்த அலைதான் இருக்கிறது. படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

முதலில் இது எப்படிச் செய்யப்பட்டது என்பதை அறிந்துகொள்ளுங்கள். பிள்ளைகள் பெரும்பாலும் தாண்டிப் போகும் இடம் இது. இது தூரிகையால் தீட்டிய ஓவியம் அல்ல, மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த படம். ஓவியர் வரைந்து கொடுக்க, செதுக்குபவர் கட்டையில் வெட்ட, அச்சடிப்பவர் நிறத்துக்கு ஒரு கட்டையாக வைத்துத் தாளில் ஏற்றியிருக்கிறார். அளவு கிட்டத்தட்ட 26க்கு 38 சென்ரிமீற்றர், நாங்கள் பாவிக்கும் ஏ3 தாளைவிடக் கொஞ்சம் சிறிது. நிறம் கூடக் கூடக் கட்டையும் செலவும் கூடும். அதனால் சில நிறங்களோடு நிறுத்திக்கொண்டார்கள்: இரண்டு மூன்று தரத்தில் நீலம், வெளிறிய மஞ்சள், சாம்பல். வெள்ளைக்கு மையே இல்லை, அது தாள். நுரை முழுக்க அச்சுப்படாமல் விட்ட தாள்தான். அச்சகத்தில் நிற்பவனுக்கு இதைப் பார்க்கச் சந்தோசமாக இருக்கும், எங்களுக்கும் அதே கணக்குத்தானே.

இனிக் கண்ணைப் பாதி மூடி, இமைக்குள்ளால் படத்தைப் பாருங்கள். விவரங்கள் மங்கிப்போய்ப் பெரிய திட்டுகள் மட்டும் நிற்கும். இடப்பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டு எழும்பி நிற்கிற கருநீலம். அதன் விளிம்பில் வெள்ளைக் கிழிசல். வலப்பக்க மேற்பாதியில் ஒன்றுமே இல்லாத வெளிர் வானம். இந்த மூன்றும்தான் படத்தின் எலும்பு. அலை ஏன் இவ்வளவு ஓங்கித் தெரிகிறது என்று கேட்டால், அலையின் அளவை மட்டும் காரணம் சொல்வார்கள். பாதிக் காரணம் அந்த வானம். வானத்துக்குள் நாலு பறவையையும் இரண்டு முகிலையும் நிரப்பிப் பாருங்கள், அலையின் வளைவு உடனே தளர்ந்துபோகும். வெற்றிடம் பற்றி எழுதுவதென்றால் இதை எழுதுங்கள். 'வெற்றிடம் பயன்படுத்தப்பட்டுள்ளது' என்று எழுதாதீர்கள்.

அடுத்தது பெருவிரல். போன் திரையில் பூஜி மலையைப் பெருவிரலால் மறையுங்கள். படத்தில் அது ஒரு சின்ன முக்கோணம். 3776 மீற்றர் உயரமான மலை, இங்கே அலைக்குக் கீழே ஒடுங்கி நிற்கிறது. ஆனால் அதை மறைத்தவுடன் இடப்பக்கத்துப் பாரம் முழுவதும் தாங்க ஆளில்லாமல் வலப்பக்கம் சரிவது போல இருக்கும். விரலை எடுங்கள், நிமிர்ந்துவிடும். இவ்வளவு சின்ன முக்கோணத்துக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது? எல்லாம் அசைகிற படத்தில் அசையாமல் இருப்பது அது ஒன்றுதான். அதற்குப் பின்னால் வானத்தைச் சாம்பலாகக் கறுப்பித்திருக்கிறார்கள், அதனால் பனி மூடிய நுனி வெள்ளையாகத் தெறித்துத் தெரிகிறது. அலையின் உள்வளைவு ஒரு வட்டத்தைத் திறந்துவிடுகிறது, மலை அந்த வட்டத்தின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இல்லாமலேயே தராசு நிற்கிறது. உங்கள் பாடக்குறிப்பில் சமச்சீரற்ற சமநிலை என்று இருப்பது இதுதான். நீங்கள் எழுதியது சொல், எழுத வேண்டியது இந்தக் காரணங்கள்.

வள்ளங்களை மறைத்தும் பாருங்கள். மூன்று இருக்கின்றன. மறைத்தால் அலை எவ்வளவு பெரிது என்பதே தெரியாமல் போய்விடும். முழங்கால் உயரத்து அலையைக் கிட்டப் பிடித்த படமாகக்கூட இருக்கலாம். தண்டு வலிப்பவர்களின் குனிந்த தலைகள் மணிமணியாகத் தெரிவதால்தான் எங்கள் மனம் அலையை அளக்கிறது. விகிதம் என்ற தலைப்புக்கு இந்த ஒரு விசயம் காணும். அந்தத் தலைகள் ஒரே இடைவெளியில் வரிசையாக வருவதை லயம் என்றும் எழுதலாம். ஆனால் இந்தப் படத்தில் லயம் அதைவிட நுரையில்தான் இருக்கிறது: நகம் மாதிரி வளைந்த ஒரே வடிவம், பெரிதாக, சிறிதாக, இன்னும் சிறிதாக, கடைசியில் புள்ளிகளாகச் சிதறி, மலைக்கு மேலே பனி கொட்டுவது போல முடிகிறது. முன்னால் இருக்கும் சின்ன அலையையும் கவனியுங்கள். வெள்ளை நுனி வைத்த முக்கோணம், பூஜி மலையின் சாயல். கடலும் மலையும் ஒரே குடும்பமாகத் தெரிவதற்கு அதுதான் காரணம், ஒருமைக்கு அதைவிட நல்ல சாட்சி படத்தில் இல்லை.

வடமராட்சிப் பக்கம் தொழிலுக்குப் போகும் எனது மாமா ஒருவருக்கு இந்தப் படத்தைக் காட்டினேன். அவர் அலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "உந்த வள்ளக்காரர் விசயம் தெரிஞ்ச ஆக்கள்தான், அணியத்தை அலைக்கு நேரை பிடிச்சிருக்கினம். பக்கவாட்டிலை குடுத்திருந்தா முடிஞ்சுது கதை" என்றார். அணியம் என்றால் வள்ளத்தின் முன்பக்கம். எனக்கு அலை கதாநாயகன், அவருக்கு வள்ளம். குவிமையம், அதாவது கண் போய் நிற்கும் இடம், படத்துக்குள் மட்டும் இருப்பதாக எழுதுகிறோம், ஆனால் பார்ப்பவர் யார் என்பதும் அதைத் தீர்மானிக்கிறது. இந்தத் தாள்களை அன்றைக்கு வாங்கியது ஏடோ நகரத்து, அதாவது இன்றைய தோக்கியோவின், சாதாரண சனம். அந்த மாதிரி வள்ளங்கள் மீனை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டு போவது அவர்களுக்குத் தெரிந்த காட்சி. அவர்களின் கண்ணும் மாமாவின் கண்ணும் ஒரே இடத்தில் நின்றிருக்கலாம். உங்கள் அறிக்கையில் 'யாருக்காகச் செய்த படம்' என்று இரண்டு வரியாவது இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

இன்னொரு சோதனை, போனில் படத்தை இடம்வலமாகத் திருப்புவது. நாங்கள் இடமிருந்து வலமாக வாசித்துப் பழகியவர்கள், கண்ணும் அப்படியே அலையின் முதுகில் ஏறி வலப்பக்கம் போகிறது. யப்பானியர் மரபாக வலமிருந்து இடமாக வாசிப்பவர்கள். அவர்களின் கண் வள்ளங்களோடு சேர்ந்து போய் அலையில் முட்டும். திருப்பிவிட்டால் எங்களுக்கும் அந்த முட்டல் கிடைக்கிறது, படம் திடீரென்று பயங்கரமாகிவிடுகிறது. செய்து பாருங்கள், நான் எழுதுவதைவிட அது நன்றாகச் சொல்லும்.

நிறத்தைப் பற்றி நீட்ட விருப்பமில்லை. கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், படம் அப்படியே நிற்கும். அதாவது வேலையைச் செய்வது கருமைக்கும் வெளிர்ப்புக்கும் உள்ள வித்தியாசம், நிறம் அதற்குப் பிறகுதான். ஒன்று மட்டும் சேர்க்கலாம்: இந்தப் படத்தில் பாவித்த பிரஷ்ய நீலம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேர்லினில் கண்டுபிடித்த செயற்கை நிறம், வெளிநாட்டிலிருந்து யப்பானுக்கு வந்தது. வெளிக்கோடுகளைக்கூடக் கறுப்பில் போடாமல் நீலத்தில் போட்டிருக்கிறார்கள், தண்ணீர் தண்ணீராகவே தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பொன் விகிதச் சுருளைப் பற்றி (அழகின் கணக்கு என்று சொல்லி வரையும், சங்கு மாதிரி விரியும் வளைவு) ஒரு எச்சரிக்கை. இணையத்தில் இந்தப் படத்துக்கு மேல் அந்தச் சுருளை வைத்து வரைந்தவை கனக்க இருக்கின்றன. சுருளைப் பெருப்பித்து, சிறுப்பித்து, சுழற்றி வைக்கலாம் என்றால் அது எந்த வளைவுக்கும் பொருந்தும், எங்கள் வீட்டு நாயின் வாலுக்கும் பொருந்தும். அது எதையும் நிரூபிக்காது. அறிக்கையில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

பெரிய ஓவியத்தில் எல்லாம் சரியாகத்தான் வரும், சாதாரணப் படத்தில் இது வேலை செய்யுமா என்று கேட்பீர்கள். அங்கேதான் நன்றாக வேலை செய்யும். எங்கள் ஊர்ப் பாடசாலை மலர் அட்டை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பனைமரம், நல்லூர்க் கோபுரம், நூலகக் கட்டடம், யாழ், திறந்த புத்தகம், எரிகிற குத்துவிளக்கு, பின்னால் உதயசூரியன், மூலையில் பாடசாலைச் சின்னம். ஒவ்வொன்றும் தனித்தனியே வடிவான சித்திரம். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், எல்லாம் ஒரே அளவில், ஒரே அழுத்தத்தில், ஒரே செம்மஞ்சள் வெளிச்சத்தில் கலங்கிவிடும். கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் சுற்றும். இப்போது பெருவிரல் சோதனை: புத்தகத்தை மறைத்தால் ஒன்றும் கெடாது. யாழை மறைத்தாலும் கெடாது. எதை எடுத்தாலும் கெடாத படத்தில் எதுவுமே முக்கியமில்லை. 'படிநிலை இல்லை' (எது முதலில், எது பிறகு என்ற வரிசை இல்லை) என்று எழுதுவதைவிட இப்படி எழுதினால் வாசிப்பவருக்கு உறைக்கும்.

அதோடு நிற்காமல் ஏன் அப்படி வந்தது என்றும் கேளுங்கள். வரைந்தவருக்குக் கோட்பாடு தெரியாது என்று முடிவு கட்டுவது அவசரம். மலர்க்குழுவில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். ஒருவர் கோபுரம் வேண்டும் என்பார், இன்னொருவர் நூலகம் இல்லாமல் யாழ்ப்பாணமா என்பார், அதிபர் சின்னத்தைப் பெருப்பிக்கச் சொல்வார். அட்டை, குழுவுக்குப் பதில் சொல்கிறது, வாசகருக்கு அல்ல. எனக்குத் தெரிந்த நல்ல ஓவியர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி, ஒன்றைப் பெரிதாக்கி மற்றதை அதற்குள் ஒளிப்பது. பனையோலையின் மடிப்புகள் புத்தகப் பக்கங்களாக விரிவது மாதிரி. குழுவுக்கும் திருப்தி, கண்ணுக்கும் ஓர் இடம் கிடைக்கும். அப்படிப்பட்ட அட்டை ஒன்று கையில் கிடைத்தால் அதையே உங்கள் அறிக்கைக்கு எடுங்கள். பேரலையை எடுக்க வேண்டாம். திருத்துபவர் அதைப் பலதரம் வாசித்திருப்பார், இணையத்தில் இருந்து எடுத்ததோ என்ற சந்தேகமும் வரும். டெங்கு விழிப்புணர்வுத் துண்டுப் பிரசுரத்தில் உள்ள நுளம்புப் படம், கடை நாட்காட்டியில் உள்ள இலட்சுமி, சின்னப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் வரும் சந்தைக் காட்சி, எது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

எழுதும்போது ஐந்து கோட்பாட்டுக்கும் சம இடம் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உங்கள் படத்தில் இரண்டுதான் உண்மையாக வேலை செய்கிறது என்றால் அந்த இரண்டையும் ஆழமாக எழுதுங்கள், மற்றவற்றை ஒரு பந்தியில் தொட்டுவிட்டுப் போங்கள். முழுப் படத்தை முதல் பக்கத்தில் பெரிதாகப் போடுங்கள். பக்கத்தில் கறுப்பு வெள்ளைப் பிரதி ஒன்று, மங்கலாக்கிய பிரதி ஒன்று, ஏதாவது ஓர் உறுப்பை அழித்த பிரதி ஒன்று சேருங்கள். போட்டோஷொப் தேவையில்லை, போனில் உள்ள எடிட்டரே காணும். நீங்கள் எழுதும் ஒவ்வொரு பந்தியும் அந்தப் பிரதிகளில் ஒன்றையாவது கைகாட்ட வேண்டும். கைகாட்ட முடியாத பந்தியை வெட்டிவிட்டுக் கொடுங்கள்.

என்ன படம் எடுக்கிறீர்கள் என்று பின்னூட்டத்தில் போடுங்கள். நேரம் கிடைத்தால் நானும் பார்த்துச் சொல்கிறேன். பாடசாலை மலர் அட்டை என்றால் பாடசாலையின் பெயரை மறைத்துவிட்டுப் போடுங்கள், வரைந்த பிள்ளை இங்கே வந்து வாசிக்கக்கூடும்.