நாயோடு கடல் கடந்து ரயிலில்: டிக்கெட்டைக் கடைசியில் வாங்குங்கள்

கேள்வி: கிழக்கு லண்டனில் வசிக்கிறோம். ஜூன் மாதம் ஜெர்மனியின் ஹம் நகரில் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போய், அங்குள்ள அண்ணன் வீட்டில் ஒரு வாரம் தங்க நினைக்கிறோம். எங்களிடம் 28 கிலோ லாப்ரடார் ஒன்று இருக்கிறது. காரும் இல்லை, நாயை விமானத்தின் சரக்கு அறையில் அனுப்ப மனமும் இல்லை. யூரோஸ்டார் ரயிலில் போய்விடலாமா? எல்லாத் தடுப்பூசிகளும் போட்டிருக்கிறோம். வேறு என்ன வேண்டும்? தேர் பார்க்க நாயையும் அழைத்துப் போகலாமா?

பதில்: யூரோஸ்டாரை மறந்துவிடுங்கள். லண்டனிலிருந்து புறப்படும் யூரோஸ்டாரில் பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய் போன்ற உதவி நாய்களுக்கு மட்டுமே இடம் உண்டு. வீட்டு நாய் கூடையில் அடங்கும் அளவில் இருந்தாலும் ஏற்ற மாட்டார்கள். ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் போகும் சுரங்கத்தின் வழியாக நாயைக் கொண்டுபோக இன்னொரு ரயில் இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனிலிருந்து பிரான்சின் கலேவுக்குப் போகும் அந்த ரயில் கார்களைச் சுமக்கும் ரயில். கார் இல்லாதவருக்கு அதனால் பயனில்லை.

உங்களுக்கு நான் சொல்லும் வழி பழையது, மெதுவானது, என் கருத்தில் நாய்க்கு மிகவும் இதமானதும் அதுதான். லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து ஹார்விச் இன்டர்நேஷனல் துறைமுக நிலையத்துக்கு ரயில். அங்கிருந்து ஸ்டெனா லைன் கப்பலில் இரவுப் பயணம். காலையில் நெதர்லாந்தின் ஹூக் வான் ஹாலந்து துறைமுகம். அதன் பக்கத்திலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. மெட்ரோவில் ஸ்கீடாம், அங்கிருந்து ரயிலில் ராட்டர்டாம், உட்ரெக்ட். உட்ரெக்டில் ஐ.சி.இ. எனும் ஜெர்மன் அதிவேக ரயிலில் ஏறி டூயிஸ்பர்கில் இறங்கினால், எஸ்ஸன், டோர்ட்முண்ட் வழியாக ஹம் போகும் ரயில்கள் அடிக்கடி உண்டு. வெள்ளிக்கிழமை இரவு புறப்பட்டால் சனிக்கிழமை பிற்பகலில் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டிவிடலாம்.

ஆனால் ரயில் டிக்கெட்டில் தொடங்காதீர்கள். ரயில்தான் இதில் சுலபமான பகுதி. கப்பல் அறையும் கால்நடை மருத்துவரின் காகிதமும் கைக்கு வந்த பிறகே அதில் கை வையுங்கள்.

முதலில் கப்பல். நாயுடன் தங்கக்கூடிய அறைகள் கப்பலில் குறைவு, விடுமுறைக் காலத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும். அறை கிடைக்காவிட்டால் நாய்க்குத் தனிக் கூண்டு உண்டு. ஆனால் பழக்கமில்லாத நாயை இயந்திரச் சத்தத்துக்கு நடுவே இரவு முழுவதும் தனியே விட நான் சம்மதிக்க மாட்டேன். அறை இல்லையென்றால் பயணத் தேதியை மாற்றுங்கள். முன்பதிவின்போதே நாயையும் சேர்த்துப் பதிய வேண்டும். துறைமுகத்தில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

அடுத்து, நீங்கள் எழுதிய 'எல்லாத் தடுப்பூசிகளும்' என்ற சொல். பிரிட்டனில் நாய்களிடம் ரேபிஸ் நோய் இல்லாததால், அங்கே ஆண்டுதோறும் போடும் வழக்கமான ஊசிகளில் ரேபிஸ் ஊசி சேராது. ஊரில் நாய் வளர்த்தவர்களுக்கு இது நம்பக் கடினமாக இருக்கும், நாய் ஊசி என்றாலே நமக்கு அதுதானே நினைவுக்கு வரும். ஆகவே உங்கள் நாய்க்குப் பெரும்பாலும் ரேபிஸ் ஊசி போட்டிருக்காது. தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். போட வேண்டியிருந்தால், ஊசிக்கு முன், நாயின் தோலுக்கடியில் வைத்த அடையாள மைக்ரோசிப்பைக் கருவியால் வருடிப் பார்த்து அது வேலை செய்கிறதா என்று உறுதிசெய்யச் சொல்லுங்கள். சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி கணக்கில் வராது. ஊசி போட்ட நாளைப் பூஜ்யமாக வைத்து 21 நாள் காத்திருக்க வேண்டும். முன்பு போட்டு, அடுத்த ஊசிக்கான நாள் தவறிப்போயிருந்தாலும் முதலிலிருந்து அதே 21 நாள்தான். ஜூன் பயணத்துக்கு மே முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.

பிறகு விலங்கு நலச் சான்றிதழ். 2021 ஜனவரி 1 முதல், பிரிட்டனில் வழங்கிய பழைய செல்லப்பிராணி பாஸ்போர்ட் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையச் செல்லாது. அதற்குப் பதில் ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். எல்லாக் கால்நடை மருத்துவரும் இதை வழங்க முடியாது, அரசின் அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். கட்டணம் இடத்துக்கு இடம் வெகுவாக மாறும், இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். வாங்கிய 10 நாளுக்குள் ஒன்றியத்துக்குள் நுழைந்துவிட வேண்டும். ஜூன் 13 காலை ஹாலந்தில் இறங்குவதென்றால் ஜூன் 3-க்கு முன் வாங்கிய காகிதம் வீண். 5, 6 தேதிகளில் வாங்குவது நல்லது. ஏதாவது தவறியிருந்தால் திருத்த அவகாசம் இருக்கும். ஒரு வாரத்தில் திரும்பும் உங்களுக்கு அதே காகிதம் திரும்பி வரவும் செல்லும்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நீங்கள் போவது ஜெர்மனிக்கு, ஆனால் ஒன்றியத்துக்குள் முதலில் நுழைவது நெதர்லாந்தில். சான்றிதழ் தயாரிக்கப்பட வேண்டியது நுழையும் நாட்டுக்கு. மருத்துவரிடம் 'ஜெர்மனி போகிறோம்' என்று மட்டும் சொன்னால் அவர் ஜெர்மன் படிவத்தை எடுத்துவிடுவார். 'ஹூக் வான் ஹாலந்து வழியாக நுழைகிறோம்' என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள்.

திரும்பும்போது நாடாப்புழு மருந்து. இதை மறந்து துறைமுகத்தில் நிற்பவர்கள்தான் அதிகம். ஐரோப்பிய நரிகளிடம் காணப்படும் ஒருவகை நாடாப்புழு நாய் மூலம் மனிதருக்கு வந்தால் ஈரலைப் பிடித்துக்கொள்ளும். பிரிட்டனில் அது இல்லை, வரவிடவும் அவர்கள் தயாரில்லை. எனவே பிரிட்டனில் இறங்குவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஒரு கால்நடை மருத்துவர் நாய்க்கு மருந்து கொடுத்து, அதைச் சான்றிதழில் பதிய வேண்டும். ஞாயிறு இரவு கப்பலேறித் திங்கள் காலை ஹார்விச்சில் இறங்கினால், வியாழன் அல்லது வெள்ளி இதற்கு ஏற்ற நாள். சனி, ஞாயிறுகளில் ஜெர்மனியில் சாதாரண மருத்துவமனை திறந்திருக்குமென்று நம்ப வேண்டாம். அண்ணனிடம் சொல்லி இப்போதே நேரம் வாங்கி வையுங்கள்.

ஒருமுறை என் நாய்க்கு மருந்து கொடுத்த மருத்துவர் தேதியை எழுதினார், மணியை எழுதவில்லை. நானும் பார்க்கவில்லை. துறைமுகத்தில் அந்த ஒரு வெற்றிடத்துக்காக நான் தொலைபேசியோடு மன்றாடிக்கொண்டிருக்க, நாய் தரையில் நிம்மதியாகத் தூங்கியது. மருந்தின் பெயர், தேதி, நேரம், முத்திரை, கையெழுத்து ஐந்தையும் அங்கேயே நின்று சரிபாருங்கள்.

இனி ரயில்கள். பிரிட்டிஷ் ரயிலில் நாய்க்குக் கட்டணமில்லை. லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் நகரும் படிக்கட்டில் நாயைத் தூக்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. 28 கிலோவைத் தூக்குவதற்கு லிஃப்டைத் தேடுவது மேல். நெதர்லாந்து ரயிலில் நாய்க்கென்று ஒரு நாள் டிக்கெட் சில யூரோவுக்குக் கிடைக்கும். ஜெர்மன் ரயிலில் வீட்டுப் பூனை அளவுள்ள நாய் கூடைக்குள் இருந்தால் இலவசம். உங்கள் நாய்க்கு இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் பாதி. டிக்கெட் வாங்கினாலும் அதற்கு இருக்கை கிடையாது, தரைதான். உணவுப் பெட்டிக்குள்ளும் விட மாட்டார்கள். கழுத்து வாரும், கடிக்காதபடி வாயில் மாட்டும் வாய்க்கூடையும் கட்டாயம்.

வாய்க்கூடையைப் பயணத்தன்று முதன்முதலாக மாட்டாதீர்கள். லாப்ரடார் சாதுதான், ஆனால் முகத்தில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று பாதி வழி தலையைத் தரையில் தேய்த்துக்கொண்டே வரும். இன்றே வாங்கி, உள்ளே தின்பண்டம் வைத்து, தினமும் சில நிமிடங்கள் மாட்டிப் பழக்குங்கள். நாக்கைத் தொங்கவிட்டு இரைக்க இடமுள்ள, கம்பி பின்னிய வகையே வேண்டும். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை வெயில் காலத்தில் ஆபத்து.

சாப்பாட்டு விஷயம் பலருக்குத் தெரியாது. பிரிட்டனிலிருந்து இறைச்சியோ பாலோ கலந்த உணவை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை உண்டு, நாய்த் தீனிக்கும் அது பொருந்தும். அதே வகைத் தீனியை அண்ணனை அங்கே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். திரும்பும்போது அண்ணி அன்போடு பொதிந்து தரும் ஆட்டுக்கறியும் வேண்டாம். 2025 ஏப்ரல் முதல் பிரிட்டனும் ஒன்றியத்திலிருந்து வரும் ஆடு, மாடு, பன்றி இறைச்சியைத் தடுத்துவிட்டது. கப்பலேறுவதற்குச் சில மணி நேரம் முன்பே நாயின் இரவு உணவை முடித்துவிடுங்கள். வயிறு முட்டத் தின்ற நாய்க்குக் கடல் ஒத்துக்கொள்ளாது.

தேருக்கு நாய் வேண்டாம். கோயில் வழக்கத்தைச் சொல்லவில்லை, அது உங்களுக்கே தெரியும். ஆயிரக்கணக்கானவர்களின் வெறுங்கால்கள், தவில், நாதஸ்வரம், வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலை. நமக்கு இது திருவிழா, நாய்க்கு ஓட இடமில்லாத கலவரம். நாயை மட்டும் புது வீட்டில் பூட்டிவிட்டும் போகாதீர்கள். யாராவது ஒருவர் அதனோடு இருக்கட்டும். நாய்க்கு அண்ணன் வீட்டு வாசனை பழக வேண்டும் என்பதால், தேருக்கு முதல் நாளே போய்ச் சேருவதைவிட மூன்று நான்கு நாள் முன்னதாகப் போய்ச் சேரும்படி கப்பலைப் பதியுங்கள்.