ஜிஆர்இ கோச்சிங்குக்கு பணம் கட்டுறதுக்கு முன்னாடி

கேள்வி: அக்கா, நான் பெங்களூர் அல்சூர்ல இருக்கேன், வைட்ஃபீல்டுல ஐடி வேலை. அடுத்த வருஷம் ஃபால்ல (இலையுதிர் கால சேர்க்கை) எம்எஸ் போகணும், யுஎஸ் இல்லன்னா ஜெர்மனி. எம்எஸ் சேர எழுதுற ஜிஆர்இ பரீட்சை, இங்கிலீஷுக்கான ஐஇஎல்டிஎஸ் பரீட்சை ரெண்டுக்கும் சேத்து கோச்சிங் போலாமா, வீட்டுலயே படிக்கலாமா? ஜிஆர்இக்கு படிக்கற இங்கிலீஷ் வேர்ட் லிஸ்ட்டை பாத்தாலே பயமா இருக்கு.

பதில்: பணம் இன்னும் கட்டலைல்ல தம்பி? நல்லது. மொதல்ல எந்த யூனிவர்சிட்டி, எந்த கோர்ஸ்னு ஒரு ஏழெட்டு எழுதிட்டு ஒவ்வொண்ணோட அட்மிஷன் பேஜையும் நீங்களே உக்காந்து படிங்க, ஏன்னா கொரோனாவுக்கு அப்புறம் யுஎஸ்ல நெறைய டிபார்ட்மென்ட் ஜிஆர்இய ஆப்ஷனல் ஆக்கிட்டாங்க, சில பேர் நீங்க அனுப்புனாலும் பாக்க மாட்டாங்க, ஒரே யூனிவர்சிட்டில ஒரு டிபார்ட்மென்ட் கேக்கும், பக்கத்து டிபார்ட்மென்ட் வேணாம்னும். ஜெர்மனில பெரும்பாலும் கேக்க மாட்டாங்க, சில கோர்ஸ் மட்டும் இந்திய டிகிரிக்காரங்க கிட்ட கேக்குது. அங்க போறதா இருந்தா அதைவிட ஏபிஎஸ் சர்டிபிகேட் (நம்ம படிப்புச் சான்றிதழை சரிபார்த்துக் குடுக்கறது) தான் முக்கியம், 2022 நவம்பர்ல இருந்து ஸ்டூடண்ட் விசாவுக்கு அது கட்டாயம், கைக்கு வர நாளாகும், சீக்கிரமே அப்ளை பண்ணிடுங்க. லிஸ்ட்ல ஒண்ணுமே ஜிஆர்இ கேக்கலையா, விட்டுத் தள்ளுங்க, கோச்சிங் பேச்சே வேணாம்.

கேக்குதுன்னா, கோச்சிங் சென்டர்ல போய் "எஸ்ஸே எத்தனை?"ன்னு மட்டும் கேளுங்க. ரெண்டுன்னு சொன்னா அப்படியே எந்திரிச்சு வந்துடுங்க. 2023 செப்டம்பர்ல பரீட்சைய சுருக்கி 1 மணி 58 நிமிஷம் ஆக்கிட்டாங்க, இப்ப ஒரே எஸ்ஸே தான், 30 நிமிஷம். பழைய ஜெராக்ஸ் நோட்ஸை வச்சு இன்னும் ஓட்டிட்டு இருக்கறவங்க இருக்காங்க.

இப்ப வெர்பல் (இங்கிலீஷ்), குவான்ட் (மேத்ஸ்) ரெண்டுலயும் ரெண்டு ரெண்டு செக்ஷன், மொதல்ல 12 கேள்வி, அப்புறம் 15. மொதல் செக்ஷன்ல நீங்க எப்படி பண்றீங்களோ அதைப் பொறுத்து ரெண்டாவது கஷ்டமாவோ ஈஸியாவோ வரும், ஈஸியானது வந்துட்டா அதுல எல்லாத்தையும் சரியா போட்டாலும் பெரிய ஸ்கோர் கிடைக்காது. அதனால "போகப் போக சூடு பிடிச்சுக்கலாம்"ங்கற கதை இங்க நடக்காது. நெகட்டிவ் மார்க் கிடையாது, ஒரு கேள்வியையும் சும்மா விடாதீங்க.

இன்ஜினியருங்க மேத்ஸ்ல கோட்டை விடுறது பெரும்பாலும் கம்பேரிசன் கேள்வில தான், அதாவது ரெண்டு அளவுல எது பெருசுன்னு கேக்கறது. எக்ஸ்னு பாத்ததும் 2, 3னு போட்டுப் பாத்துட்டு டிக் பண்ணிடுவாங்க, பூஜ்யம், மைனஸ், பின்னம் மூணையும் போட்டுப் பாத்தா விடையே மாறும். வெர்பல்ல ஆயிரக்கணக்குல வார்த்தைய உருப்போடாதீங்க, கிட்டத்தட்ட பாதி ரீடிங் தான், அதனால தினமும் நல்ல இங்கிலீஷ் கட்டுரை ஒண்ணு படிச்சு, எழுதுனவர் எந்தப் பக்கம் நிக்கறாருன்னு ஒரு வரில சொல்லிப் பாருங்க. நீங்க மெட்ரோ பர்ப்பிள் லைன்ல தான போவீங்க, சீட் கிடைச்சா அந்த டைம் போதும். வேர்ட் லிஸ்ட்டும் அங்கயே, கொஞ்சம் கொஞ்சமா.

ஜிஆர்இ நடத்துற இடிஎஸ் சைட்ல பவர்ப்ரெப்னு மாதிரி டெஸ்ட் ரெண்டு ஃப்ரீ. ஒண்ணை இப்பவே, படிக்காமலே எழுதுங்க, எங்க அடி வாங்குறீங்கன்னு தெரியும், இன்னொண்ணை கடைசி வரைக்கும் தொடாதீங்க. எஸ்ஸே தலைப்பு எல்லாத்தையும் கூட அவங்களே போட்டிருக்காங்க. இதுக்கு மேல ஒருத்தர் பிரம்பு எடுத்துட்டு நிக்கணும்னா கோச்சிங் போங்க, அது உங்க சுபாவத்தைப் பொறுத்தது. எனக்குக் கேட்டா ஆபீஸ் போறவங்களுக்கு மூணு மாசம், வீட்டுலயே போதும்.

வீட்டுல படிங்கன்னேன், ஜிஆர்இய வீட்டுலயே எழுதுங்கன்னு சொல்லல. ஹோம் டெஸ்ட்ல ரூம்ல வேற யாரும் வரக்கூடாது, ரஃப் ஒர்க்குக்கு சாதா பேப்பரே கூடாது, நடுவுல கரண்ட் போச்சுன்னா உங்க தலைவலி. சென்டருக்கே போங்க.

ஐஇஎல்டிஎஸ் ஸ்கோர் ரெண்டு வருஷம் தான் செல்லும், ஜிஆர்இ அஞ்சு வருஷம், அதனால ஜிஆர்இ முதல்ல. யுஎஸ் டெட்லைன் நெறைய டிசம்பர் நடுவுல இருந்து ஜனவரிக்குள்ள வந்துடும், அக்டோபருக்குள்ள முடிச்சா ஒருவேளை சொதப்புனாலும் இன்னொரு தடவை எழுத டைம் இருக்கும், 21 நாள் இடைவெளி வேணும். ஐஇஎல்டிஎஸ்ல நம்ம ஆளுங்களுக்கு இடிக்கறது ரைட்டிங், அதுல ரெண்டாவது டாஸ்க்குக்கு இரட்டிப்பு வெயிட்டேஜ். மொத்த பேண்ட் (ஐஇஎல்டிஎஸ் ஸ்கோர்) மட்டும் பாக்காதீங்க, ரைட்டிங், ஸ்பீக்கிங்னு ஒவ்வொரு பகுதிலயும் தனித்தனியா இவ்வளவு வேணும்னும் கேப்பாங்க. ஸ்பீக்கிங்ல அமெரிக்கா ஆக்சென்ட் எல்லாம் போடாதீங்க தயவுசெஞ்சு.

இன்னொண்ணு, நம்ம இனிஷியல் பிரச்சனை. பாஸ்போர்ட்ல பேர் எப்படி இருக்கோ எழுத்து மாறாம அப்படியே ரெஜிஸ்டர் பண்ணணும், பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா இருந்து இங்க வெறும் எஸ்னு போட்டீங்கன்னா டெஸ்ட் அன்னிக்கு உள்ள விட மாட்டாங்க, கட்டுன பணமும் போகும். மார்க் ஷீட்ல ஒரு மாதிரி பாஸ்போர்ட்ல ஒரு மாதிரின்னா, டெஸ்ட் புக் பண்றதுக்கு முன்னாடியே பாஸ்போர்ட் சேவா கேந்திரால அப்பாயின்ட்மென்ட் போட்டு சரி பண்ணிடுங்க.