ஹாலேயில் ஒரு பகல்

அன்புள்ள ஐயா,

பணி ஓய்வுக்குப் பின் ஜெர்மனியின் லைப்சிக்கில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, அரைமணி நேர ரயில் பயணத்தில் ஹாலே நகரத்துக்குப் போய் ஒரு பகல் முழுக்கத் தனியாகச் சுற்றினேன். சந்தைச் சதுக்கத்தின் ஐந்து கோபுரங்கள், இசைமேதை ஹாண்டலின் சிலை, சாலே ஆற்றங்கரை எல்லாமே அழகு. ஆனால் பாதிரியார் ஃபிராங்கே அனாதை இல்லமும் பள்ளியுமாகத் தொடங்கிய நிறுவனத்தில் தமிழ் ஓலைகளைக் கண்டதும் மனம் கசந்தது. நம்மிடமிருந்து பறித்துச் சென்றவை அல்லவா? இன்னொரு கேள்வி: ஒரு பழைய நகரத்தை ஒரே நாளில் எப்படிப் பார்ப்பது? முன்பே பட்டியல் போட்டுக்கொள்ள வேண்டுமா?

கே.

அன்புள்ள கே.,

பட்டியல் வேண்டாம், காலைக் கடிக்காத செருப்பு போதும். ஹாண்டலைப் பற்றிப் பேச எனக்கு இசையறிவு இல்லை. மொழி தெரியாத ஊரில் இந்த வயதில் தனியாக ஒரு பகல் நடந்திருக்கிறீர்கள் என்பதே எனக்கு மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியை ‘பறித்துச் சென்றவை’ என்ற சொல்லால் கெடுத்துவிட்டீர்கள்.

அந்தப் பழைய அனாதை இல்லத்தின் மேல்மாடிக்கு நானும் ஏறியிருக்கிறேன். 1741 வாக்கில் ஒழுங்குசெய்யப்பட்ட அரும்பொருள் அறையில், கூரையிலிருந்து தொங்கும் முதலைக்குக் கீழே, காலை நேரம் முழுவதையும் கழித்தேன். உங்களுக்கு வந்த கோபம் எனக்கும் வந்தது. ஊர் திரும்பிப் படித்த பிறகு அந்தக் கோபம் நிலைக்கவில்லை. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய, ஹாலேயில் படித்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, இரண்டே ஆண்டுகளில் தாம் திரட்டிய 119 தமிழ் நூல்களுக்கு விவரப்பட்டியல் எழுதினார். அவற்றை விலை கொடுத்து வாங்கினார், எழுத்தர்களை வைத்துப் படியெடுத்தார். படியெடுப்பதுதானே ஓலையின் உயிர்? மறுபடி எழுதப்படாத ஏடு பூச்சிக்கும் ஈரத்துக்கும் போய்ச் சேரும் என்பதை அறிந்திருந்தும், பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டவர்கள் ஜெர்மானியர்கள் அல்லர். பறித்தல் என்ற சொல்லுக்கு நம் வரலாற்றில் உரிய இடங்கள் பல உண்டு. அதை இங்கே வீணாகச் செலவழிக்காதீர்கள்.

இதனால் ஹாலேயை நான் விடுவிக்கிறேன் என்று எண்ண வேண்டாம். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்கு, நம் மக்களிடம் கேட்டும் நம் நூல்களைப் படித்தும், 1713-இல் ஒரு பெரிய நூல் எழுதி அனுப்பினார். புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்று கருதிய ஃபிராங்கே அதை அச்சேற்றவில்லை. அது அச்சானது 1867-இல், அதுவும் சென்னையில். ஓலையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அந்த ஓலைகளைப் படித்த மனிதன் எழுதியதை நூற்றைம்பது ஆண்டுகள் மூடிவைத்தார்கள். கோபப்பட்டே ஆக வேண்டுமென்றால் இதற்குக் கோபப்படுங்கள்.

உங்கள் கடிதத்தில் மலையப்பனின் பெயரே இல்லாததும் எனக்குக் குறையாகவே பட்டது. 1714-இல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது உடன் சென்ற தமிழ் இளைஞன் அவன். லத்தீனில் எழுதப்பட்டு 1716-இல் ஹாலேயில் அச்சான தமிழ் இலக்கணத்துக்குத் துணைநின்றவன். சீகன்பால்குவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நாம் இவனை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம்; நானும் அப்படித்தான் பல முறை எழுதியிருக்கிறேன்.

அன்று மாலை மழை தூறியது. முற்றத்தை ஒட்டி ஆறு தளங்களோடு நீளும் மரச்சட்டக வீட்டின் ஓரமாக, ஊரின் பெயர்பெற்ற ஹல்லோரன் சாக்லேட் உருண்டை ஒன்றை மென்றுகொண்டு நடந்தேன். அந்த இலக்கணம் அச்சான காலத்தை ஒட்டி எழுந்த வீடு அது. ழகரத்தை வாயில் நாவை எங்கே வைத்துச் சொல்ல வேண்டும் என்று அந்த இளைஞன் கப்பலில் எத்தனை முறை சொல்லிக் காட்டியிருப்பான் என்று எண்ணியபடி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்த் திரும்பினேன். லைப்சிக் ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலுக்காகச் சந்தைச் சதுக்கத்தில் காத்திருந்தேன்.