பிளஸ் டூ முடித்து பிரெஞ்சு, ஜெர்மன் படித்தால் பள்ளி ஆசிரியர் ஆக முடியுமா?

கொழிஞ்சாம்பாறையில் தமிழ் வழியில் படித்த தங்கைக்காகக் கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் எந்தப் பள்ளியில் வேலை என்பதை முதலில் யோசியுங்கள். கேரள அரசுப் பள்ளிகளில் அந்நிய மொழிப் பணியிடம் என்றால் பெரும்பாலும் அரபிதான். அதற்கு கே-டெட் என்ற கேரள ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறி, அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (பிஎஸ்சி) தேர்வு எழுத வேண்டும். பிரெஞ்சும் ஜெர்மனும் பெரும்பாலும் சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ தனியார் பள்ளிகளில்தான். கோவை வரை போய்வரத் தயாராக இருக்கட்டும்.

ஹைதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிப் பல்கலைக்கழகமான இஃப்லுவில், இந்த மொழிகளை அரிச்சுவடியிலிருந்தே தொடங்கும் பி.ஏ. உண்டு. பிறகு 2 ஆண்டு பி.எட். சிக்கல் இங்கேதான்: பல பி.எட். கல்லூரிகளில் பிரெஞ்சு, ஜெர்மன் கற்பிக்கும் முறைக்கான தாளே கிடையாது. பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள். மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கும் ஐரோப்பிய அளவுகோலில், பட்டத்தோடு பி2 நிலைச் சான்றிதழும் வாங்கட்டும். தொடக்க நிலையான ஏ2 வைத்துக்கொண்டு வகுப்பில் நிற்பது மாணவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

உச்சரிப்பைத் தமிழில் எழுதிப் படிக்கவே வேண்டாம். பிரெஞ்சில் ரொட்டிக்கும் குளியலுக்கும் உள்ள சொற்கள் முதல் ஒலியில் மட்டுமே வேறுபடும். நம் ‘ப’ இரண்டையும் ஒன்றாக்கிவிடும். முதல் மாதமே சர்வதேச ஒலிக்குறிகளைக் கற்கட்டும். ஜெர்மனில் மேசை ஆண்பால். உயர்திணை, அஃறிணை பார்த்துப் பழகிய நாம் இதில் தடுமாறுவோம். ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அதன் பால்குறியோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். துணை வாக்கியத்தில் வினை கடைசியில் வருவது மட்டும் நமக்குப் பழகிய வழக்கம்.