பாட்டை மெதுவாக்கியும், ராப் பாட்டுகளை மெதுவாக்கி மிக்ஸ் பண்ணின அமெரிக்க டிஜே ஸ்க்ரூ மாதிரி குரல் கனக்காம, தகரச் சத்தமா கேக்குதா?

ஆடாசிட்டியில் (ஒலியைத் திருத்துற மென்பொருள்) ‘சேஞ்ச் டெம்போ’ வேண்டாம், ‘சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்’ போடுங்க. டெம்போ வேகத்தை மட்டும் குறைச்சு சுருதியை அப்படியே பிடிச்சு வச்சுக்கும். அந்தத் ‘தகரச் சத்தம்’ அதனாலதான் இருக்கும். 90கள்ல ஹூஸ்டன்ல ஸ்க்ரூ, தான் மிக்ஸ் பண்ணினதையே கேசட்ல மெதுவா ஓட்டினார். வேகத்தோட சுருதியும் இறங்கிடும்.

மைனஸ் 20 சதவீதத்துல ஆரம்பிச்சு ஹை-ஹாட்டை (டிரம்ஸ்ல ஜோடித் தட்டோட சத்தம்) மட்டும் கேளுங்க. ‘ட்ஸ்’ங்கிறது ‘ட்ஷ்ஷ்’னு இழுபட்டா சரி.

ஆனா இது பாதி வேலைதான். ஸ்க்ரூ மிக்ஸ்ல வார்த்தைகள் திக்கித் திக்கி வருமே, அது வரணும்னா அதே பாட்டை ரெண்டாவது டிராக்ல ஒரு பீட் (தாளத்துல ஒரு அடி) தள்ளி வச்சு, மாத்தி மாத்தி வெட்டணும். அவர் ஒரே இசைத்தட்டோட ரெண்டு பிரதியை வச்சுக் கையாலேயே செஞ்சார், மனுஷன்!

ஏற்கெனவே மெதுவான பாட்டை எடுக்காதீங்க, கூழாயிடும்.