சரக்கு ரயில் பாதையின் அகலத்தை மாற்றுவது ஏன் இவ்வளவு கடினம்? பாதியில் நின்றால் என்ன ஆகும்?

"தண்டவாளத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கிற வேலைதானே, அதற்கு ஏன் இத்தனை கோடி, இத்தனை வருஷம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதியில் நின்றுபோன பாதையை இனி முடிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் போடி பக்கம். மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையை 2010 டிசம்பர் 31-ல் மூடினார்கள். தேனிக்கு ரயில் திரும்பி வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன். மூடும்போது நான் ஊரில் இருந்தேன். திறந்தபோது ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தின் வடமேற்கில், ஒரு கோதுமைக் கிடங்கின் எடைமேடையில் லாரிகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். அங்கேயும் அதே கதை வேறு மாதிரி நடந்துகொண்டிருந்தது. உங்கள் கேள்விக்கு அந்த ஊர்க் கதைதான் நல்ல பதில்.

முதலில் வரலாறு, சுருக்கமாக. 1850-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு காலனியும் தனித்தனியாக ரயில் போடத் தயாரானது. சிட்னி கம்பெனியில் இருந்த அயர்லாந்துப் பொறியாளர் ஷீல்ட்ஸ் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1600 மில்லிமீட்டர் அகலம்தான் நல்லது என்றார். மற்ற காலனிகளும் சரி என்றன. அப்புறம் அவர் வேலையை விட்டுப் போக, அடுத்து வந்த ஸ்காட்லாந்துக்காரர் வாலஸ் 1435-க்கே திரும்பிவிட்டார். அதற்குள் விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் 1600-க்கு எஞ்சின், பெட்டி எல்லாம் ஆர்டர் கொடுத்துவிட்டன. விளைவு, 1883-ல் எல்லை ஊரான ஆல்பரியில் சிட்னிப் பக்கத்துப் பாதையும் விக்டோரியாப் பாதையும் சந்தித்தபோது ஒன்றின் ரயில் மற்றொன்றில் ஓடாது. சிட்னியிலிருந்து மெல்பர்ன் வரை ஒரே அகலத்தில் பாதை வந்தது 1962-ல்தான். எழுபத்தொன்பது வருஷம் பயணிகள் ஆல்பரியில் இறங்கி வண்டி மாறினார்கள்.

1600-க்கும் 1435-க்கும் வித்தியாசம் 165 மில்லிமீட்டர். ஒரு சாண் கூட இல்லை. அந்த ஒரு சாணுக்குள் எத்தனை வேலை இருக்கிறது என்பதுதான் உங்கள் முதல் கேள்வி.

தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே மரக்கட்டை ஸ்லீப்பர் போட்ட பாதையில் ஒரு பக்கத் தண்டவாளத்தின் ஆணிகளைப் பிடுங்கி, உள்ளே நகர்த்தி, புது இடத்தில் துளை போட்டு அடிக்க வேண்டும். கட்டை நன்றாக இருந்தால் இது முடியும். ஆனால் வருஷத்துக்குச் சில மாதம் மட்டும் ரயில் வரும் கிளைப் பாதைகளில் கட்டை பெரும்பாலும் உளுத்துப்போய் இருக்கும். புதுத் துளை போட்டால் பிளந்துவிடும். ஆகவே கட்டையை மாற்ற வேண்டும். கட்டையை மாற்ற ஜல்லியைக் கிளற வேண்டும், கிளறினால் புது ஜல்லி கொட்டி இறுக்க வேண்டும். ரயில் தடம் மாறும் இடங்களில் உள்ள பாயின்ட்ஸை நகர்த்திச் சரி செய்ய முடியாது, முழுசாகப் புதிதாகச் செய்தாக வேண்டும். பிறகு எஞ்சின்களும் வேகன்களும் இருக்கின்றன. மெல்பர்னில் 1962 முதல் பல வருஷம் வேகனைத் தூக்கி, அடியில் உள்ள சக்கரச் சட்டத்தைக் கழற்றி, வேறு அகலத்துச் சட்டத்தை மாட்டி அனுப்பினார்கள். செய்ய முடிகிற வேலைதான், ஆனால் ஒவ்வொரு வேகனுக்கும் நேரமும் கூலியும் ஆகும்.

இன்னொரு வழி மூன்றாவது தண்டவாளம் போடுவது. ஒரே ஸ்லீப்பரில் இரண்டு அகலமும் இருக்கும். நம் ஊரில் மீட்டர் கேஜுக்கும் அகலப்பாதைக்கும் இடையே 676 மில்லிமீட்டர் இருந்ததால் மூன்றாவது தண்டவாளத்துக்குத் தாராளமாக இடம் இருந்தது. 165 மில்லிமீட்டருக்குள் இரண்டு தண்டவாளத்தின் அடிப்பாகமும் ஒன்றையொன்று உரசாமல் வைப்பதே பெரும்பாடு. பாயின்ட்ஸ் வரும் இடத்தில் இன்னும் சிக்கல்.

சரி, விக்டோரியாவுக்கு வருவோம். 1995-ல் மெல்பர்ன்–அடிலெய்டு பிரதானப் பாதையை 1435-க்கு மாற்றினார்கள். அது நல்ல வேலை, நாடு முழுக்கச் சரக்கு தடையில்லாமல் ஓட வழி செய்தது. மேற்கே போர்ட்லேண்ட் துறைமுகப் பாதையும் அதோடு மாறியது. ஆனால் வடக்கே மில்டுரா போகும் பாதையும், சீ லேக், மனாங்கட்டாங் என்ற இரண்டு தானியக் கிளைகளும் 1600-லேயே நின்றுவிட்டன. பிரதானப் பாதை மாறிய அன்றே இவை தனித் தீவாகிவிட்டன என்று சொல்லலாம். கோதுமையை ஜீலாங் துறைமுகத்துக்கு ரயிலில் அனுப்பலாம். போர்ட்லேண்டுக்கு அனுப்ப முடியாது.

இது விவசாயிக்கு ஏன் வலிக்கிறது என்பது எடைமேடையில் நின்றால் புரியும். அறுவடை நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை போகும். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ அங்கே விலை கொஞ்சம் கூடும். இரண்டு துறைமுகத்துக்கும் ரயில் இருந்தால் வாங்குபவர்கள் போட்டி போடுவார்கள். ஒன்றுக்குத்தான் ரயில் என்றால் மற்றொன்றுக்கு லாரி வாடகை கொடுத்துத்தான் போக வேண்டும், அந்த வாடகை விவசாயியின் விலையிலிருந்துதான் கழியும். என் மேடைக்கு வந்த வயதான விவசாயி ஒருவர், இந்த இரண்டாவது துறைமுகத்துக்காகத் தன் மகனும் காத்துக் கிழவனாகிவிடுவான் என்று சொன்னார். அவர் சிரிக்காமல் சொன்னது.

இதைச் சரி செய்யத்தான் மரே பேசின் ரயில் திட்டம் வந்தது. மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து 440 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர். மில்டுரா, சீ லேக், மனாங்கட்டாங் எல்லாம் 1435-க்கு மாறும், அச்சுப் பளு 19 டன்னிலிருந்து 21 டன்னாக உயரும் என்றார்கள். இந்த அச்சுப் பளு என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், சரக்குக்கு உயிர்நாடி அதுதான். ஒரு அச்சு தண்டவாளத்தின் மேல் இவ்வளவு எடையோடு போகலாம் என்ற வரம்பு அது. ஒரு வேகனுக்கு நாலு அச்சு. அச்சுக்கு 2 டன் கூடினால் வேகனுக்கு 8 டன் கூடும். வண்டியின் எடை அப்படியேதான் இருக்கும், கூடுவது முழுக்கச் சரக்கு. 40 வேகன் கொண்ட ரயிலில் 320 டன். எங்கள் மேடைக்கு வரும் இரட்டை டிரெய்லர் லாரி ஒன்று சுமார் 40 டன் கோதுமை கொண்டுவரும். அதாவது ஒவ்வொரு ரயிலும் எட்டு லாரியைச் சாலையிலிருந்து எடுத்துவிடும்.

வேலை நடந்தது. பல வருஷம் பயன்பாட்டில் இல்லாமல் கிடந்த மேரிபரோ–அராரட் பாதையைத் திறந்து, மில்டுரா பாதையை 1435-க்கு மாற்றி, 2018 ஜனவரியில் ரயில் விட்டார்கள். அதோடு பணம் தீர்ந்துவிட்டது. 2019-ல் வேலை நின்றது. சீ லேக், மனாங்கட்டாங் கிளைகளைத் தொடவே இல்லை. மாற்றிய பாதையிலும் சில இடங்களில் பழைய தண்டவாளங்களையே மறுபடி போட்டிருந்தார்கள், வேகக் கட்டுப்பாடு வந்தது. 2020 மார்ச்சில் மாநிலத் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை இவற்றையெல்லாம் வெளிப்படையாக எழுதியது.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது பல்லாரட் என்ற ஊரில் விழுந்த முடிச்சு. மில்டுராவிலிருந்து ஜீலாங்குக்கு நேர்வழி மேரிபரோ, பல்லாரட் வழியாக. ஆனால் பல்லாரட்டில் பயணிகள் ரயில் எல்லாம் 1600. அதை மாற்றினால் மெல்பர்ன் வரை போகும் பயணிகள் ரயில் அத்தனையையும் மாற்ற வேண்டும். எனவே அங்கே மூன்றாவது தண்டவாளம் போடுவதாகத் திட்டம் இருந்தது. அது நடக்கவில்லை. இப்போது 1435 ரயில் மேரிபரோவிலிருந்து மேற்கே அராரட் வரை போய், பிறகு தென்கிழக்கே திரும்பி ஜீலாங் வருகிறது. அகலத்தை மாற்றிய பிறகு வழி நீண்டுபோனது. 2000-களில் பல்லாரட் பயணிகள் பாதையைப் புதுப்பித்தபோது இரண்டு அகலத்துக்கும் பொருந்தும் கான்கிரீட் ஸ்லீப்பரையே போட்டிருந்தார்கள். அன்று யாரோ முன்யோசனையோடு செய்த வேலை இன்று வரை சும்மா கிடக்கிறது.

2020-ல் மேலும் 244 மில்லியன் டாலர் ஒதுக்கினார்கள். அதில் பாதைகளைச் சீர் செய்ய இடமிருந்தது, சீ லேக், மனாங்கட்டாங் அகல மாற்றத்துக்கு இடமில்லை. ஆக, ஒரே வட்டாரத்தில் இரண்டு அகலம். சரக்கு நிறுவனங்கள் இரண்டு வகை எஞ்சின், இரண்டு வகை வேகன் வைத்துக்கொள்ள வேண்டும். அறுவடை ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் குவிந்தால் இங்கே சும்மா நிற்கும் வேகனை அங்கே அனுப்ப முடியாது. நான் வேலை பார்த்த கிடங்கு சீ லேக் கிளையில்தான். சைலோ நிரம்பி, வெளியே தார்பாய் போட்டு மூடிய குவியலும் நிரம்பி, ரயிலுக்காகக் காத்திருந்த வாரங்கள் உண்டு. வெயில் கடுமையான நாளில் தண்டவாளம் நெளியும் என்று வேகத்தையும் குறைப்பார்கள். அறுவடையும் கடும் வெயிலும் ஒன்றாக வரும் பூமி அது.

மதுரை–போடியோடு ஒப்பிட்டால் இரண்டு முறையின் குறையும் தெரியும். நம் ஊரில் மொத்தமாக மூடிவிட்டுச் செய்தார்கள். பன்னிரண்டு வருஷம் ரயிலே இல்லை. ஏலக்காய் வியாபாரம் முழுக்கச் சாலைக்குப் போனது, திரும்பி வரவில்லை. ஆனால் திறந்தபோது மதுரையில் இருக்கும் அதே அகலம், எந்த ஊர் வேகனும் வரலாம். விக்டோரியாவில் ரயிலை அதிகம் நிறுத்தாமல் துண்டு துண்டாகச் செய்தார்கள், கடைசித் துண்டுகள் விட்டுப்போயின. என்னைக் கேட்டால் போடி வழிதான் மேல், பன்னிரண்டை நாலாகக் குறைத்திருந்தால்.

இனி முடிக்கலாமா என்ற கேள்விக்கு: முடிக்கலாம், முடிக்க வேண்டும். புதுப் பாதை எதுவும் தேவையில்லை. கோரோங் வேல் என்ற ஊரிலிருந்து பிரியும் இந்த இரண்டு கிளைகளையும், அங்கிருந்து மில்டுரா பாதையோடு சேரும் இடம் வரை உள்ள துண்டையும் மாற்றினால் இந்தத் தானியம் போர்ட்லேண்டுக்கும் போகும். அகலத்தை மாற்றும் அன்றே கட்டையையும் தண்டவாளத்தையும் கனமானதாகப் போட வேண்டும், பழையதைத் திரும்பப் போடக் கூடாது. கூடவே பல்லாரட் வழியாக மூன்றாவது தண்டவாளம் வேண்டும், இல்லையென்றால் ஜீலாங் போகும் ரயிலும் சுற்றித்தான் போகும்.

சீ லேக் கிளையில் வைச்புரூஃப் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கடைத்தெருவின் நடுவிலேயே தண்டவாளம் ஓடுகிறது. கோதுமை ரயில் நகர்ந்து வரும்போது கடையில் இருப்பவர்கள் வாசலுக்கு வந்து எத்தனை வேகன் என்று எண்ணுவதைப் பார்த்திருக்கிறேன். நானும் எண்ணியிருக்கிறேன். அந்தத் தண்டவாளம் இன்னும் 1600-தான்.