பயனீட்டாளர் கேள்வி-பதில்: மலிவு விலை மாதிரிச் சரக்கு வண்டிகளில் எதை மாற்றலாம்?

கேள்வி: ஐயா, நான் பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு மாதிரி இரயில் அமைக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. இணைய அங்காடி ஒன்றில், 1:87 அளவிலான (உண்மை வண்டியின் 87-இல் ஒரு பங்கு) அமெரிக்க மூடு சரக்கு வண்டிகள் நான்கினை, ஒன்று 28 ரிங்கிட் என்று வாங்கினேன். சமையலறைத் தராசில் வைத்தால் ஒரு வண்டி 63 கிராம்தான் இருக்கிறது. பின்னோக்கித் தள்ளினால் தடம் புரள்கிறது. பார்ப்பதற்கும் பொம்மை போலவே உள்ளது. இவற்றை உண்மையான வண்டிகளைப்போல் மாற்ற முடியுமா, அல்லது விலை உயர்ந்தவற்றையே வாங்கியிருக்க வேண்டுமா?

பதில்: மாற்ற முடியும். ஆனால் நான்கையும் மாற்றுவது தகுமா என்பதை, கத்தியை எடுப்பதற்கு முன் அளவுகோலை எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மலிவு விலை வண்டிகளைத் தயாரிப்பவர்கள் ஒரே வார்ப்பில் உடலைச் செய்துவிட்டு, அதன்மேல் பத்து இருபது இரயில் நிறுவனங்களின் வண்ணங்களைப் பூசி விற்கிறார்கள். அந்த உருவம் கொண்ட வண்டி அந்த நிறுவனத்திடம் ஒருபோதும் இருந்திருக்காது என்பது பல வேளைகளில் உண்மை. வாங்குபவரோ வண்ணத்தைப் பார்த்து மயங்குகிறார். வண்ணம்தான் இந்த வேலையில் மிகக் குறைந்த செலவில் மாற்றக்கூடியது. உடலின் நீள, உயர, கதவு அளவுகள் தவறாக இருந்தால் அவற்றைத் திருத்துவதற்கு ஆகும் உழைப்பில் வேறு வண்டியே வாங்கிவிடலாம். ஆகவே முதலில் உருவம் எந்த உண்மை வண்டிக்கு நெருங்கி வருகிறது என்று கண்டுபிடியுங்கள். பிறகு அந்த வண்டியை வைத்திருந்த நிறுவனத்தின் வண்ணத்தைப் பூசிக்கொள்ளலாம்.

அளப்பது எளிது. நாற்பது அடிப் பெட்டி 1:87 அளவில் ஏறக்குறைய 140 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஆறடிக் கதவு 21 மில்லிமீட்டர், எட்டடிக் கதவு 28 மில்லிமீட்டர். கூரையில் ஓடும் நடைபலகையையும் பாருங்கள். அமெரிக்காவில் 1966-க்குப் பிறகு புதிதாகக் கட்டப்பட்ட இவ்வகை வண்டிகளில் அந்தப் பலகை கிடையாது, ஏணிகளும் குட்டையாகிவிட்டன. பக்கவாட்டில் பி.எல்.டி. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வண்டி கட்டப்பட்ட மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். அங்கே 1970-களின் ஆண்டு இருந்து, கூரையில் நடைபலகையும் இருந்தால், இரண்டில் ஒன்று பொய். மாறாக, புல்மன்-ஸ்டாண்டர்டு நிறுவனம் 1947 முதல் கட்டிய பி.எஸ்.-1 போன்ற வண்டிக்கு நடைபலகையும் உயரமான ஏணியும் இருப்பதே சரி. உங்கள் நான்கில் இந்தச் சோதனையில் தேறுபவற்றை மட்டும் மேசைக்குக் கொண்டுவாருங்கள். மற்றவற்றைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம்.

தோற்றத்தைத் தொடுவதற்கு முன் ஓட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். நீங்கள் சொல்லும் தடம்புரளல், இணைப்புக் கொக்கி வண்டியின் தரையில் இல்லாமல் சக்கரச் சட்டமாகிய போகியிலேயே பொருத்தப்பட்டிருப்பதால் வருவது. தள்ளும் விசை போகியைப் பக்கவாட்டில் திருப்புகிறது. திரும்பிய சக்கரம் தண்டவாளத்தின்மேல் ஏறிவிடுகிறது. போகியிலிருந்து நீண்டிருக்கும் நாக்கை வெட்டி எடுத்துவிட்டு, இணைப்பிக்கான சிறு பெட்டியை வண்டியின் தரையில் திருகாணியால் பொருத்துங்கள். பசையை நம்ப வேண்டாம். தள்ளுமுள்ளுகளைத் தாங்க வேண்டிய இடம் அது. உண்மையான வண்டிகளில் உள்ளது போன்ற, மடக்கிய விரல் வடிவ உலோக இணைப்பிகளில் கேடீ நிறுவனத்தின் ஐந்தாம் எண் பெரும்பாலானோர் பயன்படுத்துவது. (நம் மொழியில் அந்தப் பெயருக்கு வேறு பொருள் உண்டு, அஞ்ச வேண்டாம், அது எட்வர்ட்ஸ் என்ற இரட்டைச் சகோதரர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகள்.) இணைப்பியின் நடுப்பகுதி தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து 9.9 மில்லிமீட்டர் உயரத்தில் அமைய வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் ஓடும்போது கழன்றுகொள்ளும்.

அடுத்தது எடை. அமெரிக்காவின் தேசிய மாதிரி இரயில் சங்கம் பரிந்துரைக்கும் கணக்குப்படி, 1:87 வண்டிக்கு அடிப்படையாக ஓர் அவுன்சும், நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்சும் சேர வேண்டும். ஐந்தரை அங்குலமுள்ள உங்கள் வண்டிக்கு அது ஏறத்தாழ 106 கிராம். 43 கிராம் குறைகிறது. இதற்கென்று விற்கப்படும் எடைக் கட்டிகளை வெளிநாட்டிலிருந்து தருவிக்காதீர்கள். டயர் கடைகளில் சக்கரச் சமநிலைக்கு ஒட்டும் 5 கிராம், 10 கிராம் கட்டிகள் இதற்குப் போதுமானவை. முதுகில் பசையும் இருக்கிறது. நான்கு பெரிய கட்டிகளைத் தரையின் இரு முனைகளுக்கும் சமமாகப் பிரித்து உள்ளே ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. மீதிக் குறையை உலோகச் சக்கரங்கள் ஈடுகட்டிவிடும்.

சக்கரங்களை உலோகத்துக்கு மாற்றுவது ஓட்டத்துக்கும் தோற்றத்துக்கும் சேர்த்துப் பலன் தரும் ஒரே செலவு. நாற்பது அடி வண்டிக்கு 33 அங்குலச் சக்கரம், அதாவது மாதிரியில் 9.6 மில்லிமீட்டர் விட்டம். பிற்காலத்து நூறு டன் வண்டிகளுக்கு மட்டுமே 36 அங்குலம். வாங்குவதற்கு முன் பழைய அச்சுத்தண்டின் நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து விற்பவரிடம் சொல்லுங்கள். எல்லா நிறுவனங்களின் தண்டுகளும் ஒரே நீளம் அல்ல. நீளம் கூடினால் சக்கரம் இறுகும், குறைந்தால் ஆடும்.

இந்த இடத்தில் கணக்கைப் பார்க்க வேண்டும். இணைப்பியும் சக்கரமும் சேர்ந்தால் 28 ரிங்கிட் வண்டியின் விலையையே எட்டிவிடலாம் அல்லது தாண்டிவிடலாம். வெளிநாட்டிலிருந்து இணையம்வழி வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு மேற்போகாத பொருள்களுக்கு 2024 சனவரி 1 முதல் பத்து விழுக்காடு விற்பனை வரியும் உண்டு. அஞ்சல் கட்டணத்தோடு சேர்த்துப் பார்த்தால், நான்கு வண்டிகளுக்கும் வேண்டியதை ஒரே முறையில் தருவிப்பவர் பிழைத்தார். ஒவ்வொன்றாக வாங்குபவர் விலை உயர்ந்த வண்டியையே வாங்கியிருக்கலாம்.

நுண்வேலைகளுக்கு அவ்வளவு செலவில்லை, பொறுமைதான் வேண்டும். உடலோடு சேர்த்து வார்க்கப்பட்ட கைப்பிடிகளை உளி முனைக் கத்தியால் சீவிவிட்டு, 0.35 மில்லிமீட்டர் துளையிட்டு, 0.3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியை வளைத்துச் செருகினால், நிழல் விழும் கைப்பிடி கிடைக்கும். மூலைகளில் உள்ளவற்றையும் தடித்த கால்படிகளையும் மட்டும் மாற்றினால் போதும் என்பது என் கருத்து; நடுவில் இருப்பவற்றை மூன்றடி தூரத்தில் நிற்பவர் கவனிப்பதில்லை. கைத் துளைப்பானும் ஸ்டைரீன் எனும் பிளாஸ்டிக் தகடும் ரோபோ மாதிரிகளை விற்கும் கடைகளிலேயே கிடைக்கும். இரயில் கடையைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பழைய வண்ணத்தை மருந்தகத்தில் வாங்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் எடுக்கலாம். அடிப்பக்கத்து மூலை ஒன்றில் சோதித்துப் பாருங்கள். தெளிப்பு வண்ணத்தைக் காலை வெயிலில் அடியுங்கள். மழைக்கு முந்திய ஈரக்காற்றில் அடித்தால் பூச்சு பால்போல் வெளுத்துவிடும். நிறுவனப் பெயரும் வண்டி எண்ணும் அச்சிட்ட எழுத்துத் தாளை நனைத்து ஒட்டும் முன் பளபளப்பான பூச்சும், ஒட்டிய பின் மங்கல் பூச்சும் தேவை. நான்கு வண்டிக்கும் ஒரே எண் இருந்தால், குறைந்தது கடைசி இலக்கத்தையாவது மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இதே மலிவு வண்டிகளை நம் மலேசிய இரயில் நிறுவனமான கே.டி.எம்.மின் சரக்கு வண்டியாக மாற்ற இயலுமா? (கோலாலம்பூர் வாசகர்)

பதில்: முழுமையாக இயலாது. கே.டி.எம். தடத்தின் அகலம் ஒரு மீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர் வரும். உங்கள் தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர். அது அமெரிக்காவின் 1,435 மில்லிமீட்டர் தடத்துக்கு உரியது. இந்த அளவில் மீட்டர் தடத்தைச் சரியாகக் காட்ட விரும்புவோர் 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓட்டுகிறார்கள்.

தட அகலத்தைப் பொறுத்துக்கொள்ள முடியுமானால் கொள்கலன் வண்டியில் தொடங்குங்கள். பாடாங் பெசாரிலிருந்து வரும் கொள்கலனும் கலிபோர்னியாவில் ஓடும் கொள்கலனும் ஒரே உலக அளவில் செய்யப்பட்டவை; பார்ப்பவரின் கண்ணும் அதன்மேல்தான் நிற்கும். இருபது அடிக் கொள்கலன் 1:87 அளவில் 70 மில்லிமீட்டர் நீளமும் 28 மில்லிமீட்டர் அகலமும் இருக்க வேண்டும். நீளம் 80 மில்லிமீட்டர் என்றால் அது 1:76 எனும் பிரிட்டிஷ் அளவு. வாங்கும் முன் பொருளின் அருகில் அளவுகோலை வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: “உலோகச் சக்கரம்” என்று விளம்பரம் செய்திருந்த வண்டியில் பிளாஸ்டிக் சக்கரங்களே இருந்தன. நான் ஏற்கெனவே ஒன்றுக்கு வண்ணம் பூசிவிட்டேன். முறையிட முடியுமா?

பதில்: வண்ணம் பூசாத வண்டிகளுக்குத் தயங்காமல் முறையிடுங்கள். விற்கப்படும் பொருள் அதன் வருணனைக்குப் பொருந்த வேண்டும் என்பது 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உத்தரவாதம். நீங்கள் வெட்டியோ பூசியோ உருமாற்றிய வண்டியைத் திருப்பிக் கொடுப்பது கடினம். அதற்குச் சக்கரங்களின் விலையை மட்டும் ஈடாகக் கேட்டுப் பாருங்கள். விளம்பரப் பக்கத்தின் படத்தையும் கட்டண ரசீதையும் இன்றே சேமித்து, முதலில் விற்பனையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். விற்பனையாளர் இந்நாட்டில் இருந்து, பணத்தைத் தர மறுத்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே மனு செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட். கோரிக்கைத் தொகைக்கான உச்ச வரம்பு 50,000 ரிங்கிட். அதுவரை மற்ற வண்டிகளைப் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள்.